மறைந்திருக்கும் அனுமானத்தைப் பிடிக்க எந்த முறை? எல்சாட் முதல் சிசாட் வரை ஓர் ஒப்பீடு

எல்சாட் (அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர எழுதும் தேர்வு), சிசாட் (யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வின் திறனறித் தாள்) போன்ற தேர்வுகளின் லாஜிக்கல் ரீசனிங் (தருக்கச் சிந்தனை) கேள்விகளில், வாதம் வெளியே சொல்லாமல் உண்மை என்று எடுத்துக்கொள்ளும் கருத்தை அனுமானம் என்கிறோம். அனுமானக் கேள்விகளைத் தீர்க்க மூன்று முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு ஆப்ஷனையும் மறுத்துப் பார்த்து, வாதம் விழுகிறதா என்று சோதிப்பது ஒன்று. ஆப்ஷன் பக்கமே போகாமல், ஆதாரத்துக்கும் முடிவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை முதலில் கண்டுபிடித்துக்கொள்வது இன்னொன்று. அதே ஆதாரத்துக்கு வேறு விளக்கம் இருக்க முடியுமா என்று தேடுவது மூன்றாவது. யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத நாலாவது வழியும் உண்டு: ‘எல்லாம்’, ‘மட்டுமே’, ‘சில’ போன்ற சொற்களைப் பார்த்தே ஆப்ஷன்களைக் கழித்துவிடுவது.

இவற்றில் மறுப்பு முறைக்குத்தான் புகழ் அதிகம். சொல்லிக்கொடுக்க எளிது, செய்யும்போது கணக்குப் போடுவது போல உறுதியும் கிடைக்கிறது. ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேர்வுக்குப் போனால் இரண்டு விதத்தில் அடிபடும். நேரம் போதாது, சில கேள்விகளில் சரியான விடையையே அது தள்ளிவிடும். இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை, அதைக் கீழே விவரமாகப் பார்க்கலாம். இடைவெளி முறையால் தொடங்கி, மிஞ்சும் இரண்டு ஆப்ஷன்களுக்கு மட்டும் மறுப்பைக் கொண்டுவருவதே பெரும்பாலான தேர்வுகளுக்குச் சரிப்பட்டு வரும் என்பது எங்கள் கருத்து. விதிவிலக்குகள் உண்டு.

எந்த அனுமானத்தைக் கேட்கிறார்கள்?

முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் கேள்வி வாக்கியத்தைப் படிக்க வேண்டும். எல்சாட்டில் இரண்டு வகை வரும். வாதத்துக்கு ‘ரிக்வயர்டு’ ஆன அனுமானம் எது, வாதம் எதை ‘டிபெண்ட்’ செய்கிறது என்று கேட்டால் அது தேவையான அனுமானம். எதை ‘அஸ்யூம்’ செய்தால் முடிவு ‘லாஜிக்கலி ஃபாலோ’ ஆகும் என்று கேட்டால் அது போதுமான அனுமானம். கேள்வியில் ‘இஃப்’ என்ற சொல் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தருக்கத்தில் காலங்காலமாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். மலைமேல் புகை தெரிகிறது. ஆகவே மலைமேல் நெருப்பு இருக்கிறது. ‘புகை தெரியும் இடத்திலெல்லாம் நெருப்பு இருக்கும்’ என்பதைச் சேர்த்தால் முடிவு தப்பவே முடியாது. அது போதுமானது. ஆனால் அவ்வளவு பெரிய விதி இந்த வாதத்துக்குத் தேவையா? இல்லை. வேறெங்கோ ஒரு ரசாயனக் கிடங்கில் நெருப்பில்லாமல் புகை வந்திருந்தாலும் இந்த மலைக்கு ஒன்றும் ஆகிவிடாது. மறுபக்கம், ‘அந்தப் புகை அடிவாரத்திலிருந்து காற்றில் அடித்து வரப்பட்டதல்ல’ என்பது தேவையானது. அது பொய்யானால் வாதத்துக்குக் காலே இல்லை. ஆனால் அதை மட்டும் சேர்த்தால் நெருப்பு உறுதியாகிவிடுமா? ஆகாது. தேவையான அனுமானம் அடக்கமாக இருக்கும். போதுமான அனுமானம் வேண்டியதற்கு மேலேயும் பேசும்.

இன்னொரு பிரிவும் உண்டு, முறையைத் தீர்மானிப்பதில் இதற்குப் பங்கு அதிகம். தேவையான அனுமானங்களில் சில, ஆதாரத்தில் உள்ள ஒரு சொல்லை முடிவில் உள்ள புதுச் சொல்லோடு இணைப்பவை. மற்றவை, வாதத்துக்கு வரக்கூடிய ஆட்சேபத்தைத் தடுப்பவை. புகை காற்றில் வரவில்லை என்பது தடுப்பு வகை. இணைப்பு வகையை ஆப்ஷன் பார்க்காமலே ஊகித்துவிடலாம். தடுப்பு வகையை ஊகிக்க முடியாது. ஒரு வாதத்துக்கு ஆட்சேபங்கள் பத்தும் இருக்கலாம், நூறும் இருக்கலாம், அவற்றில் எதை வினாத்தாள் தயாரித்தவர் எடுத்தார் என்பது நமக்குத் தெரியாது.

மறுப்பு முறை

ஒரு கேள்வியை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு நகராட்சி சென்ற ஆண்டு கடைவீதியில் கண்காணிப்புக் கேமராக்களைப் பொருத்தியது. இந்த ஆண்டு கடைவீதியிலிருந்து வந்த திருட்டுப் புகார்கள் பாதியாகக் குறைந்துள்ளன. ஆகவே கேமராக்கள் கடைவீதியில் திருட்டைக் குறைத்துள்ளன. இந்த வாதத்துக்குத் தேவையான அனுமானம் எது?

அ. கேமராக்கள் வந்த பிறகு, திருட்டுக் கொடுத்தவர்கள் புகார் செய்யும் விகிதம் பெருமளவு குறைந்துவிடவில்லை.
ஆ. கேமராக்கள் ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூடப் பழுதாகவில்லை.
இ. திருட்டைக் குறைக்கக் கேமராவைவிடச் செலவு குறைந்த வழி இல்லை.
ஈ. கேமரா இல்லாத பக்கத்துத் தெருக்களில் திருட்டு அதிகரிக்கவில்லை.
உ. கேமராப் பதிவுகளைக் கொண்டு சிலராவது கைது செய்யப்பட்டனர்.

ஒவ்வொன்றாக மறுப்போம். ‘ஆ’வின் மறுப்பு: ஒரு நாளாவது ஏதோ ஒரு கேமரா பழுதானது. ஆகட்டுமே, மற்ற நாள்களில் வேலை செய்திருக்கும், வாதம் நிற்கிறது. ‘இ’: செலவு குறைந்த வேறு வழி உண்டு. இருக்கட்டும், கேமரா திருட்டைக் குறைத்ததா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘உ’: கைதே நடக்கவில்லை. கேமராவைக் கண்டதும் திருடர்கள் ஒதுங்கியிருந்தால் கைது எதற்கு?

‘ஈ’யில்தான் நிறைய பேர் விழுவார்கள். பக்கத்துத் தெருவில் திருட்டு அதிகரித்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், நகராட்சிக்கு என்ன லாபம் என்று மனசு கேட்கும். ஆனால் முடிவு நகராட்சியின் லாபத்தைப் பற்றியது அல்ல. ‘கடைவீதியில்’ என்ற ஒரு சொல் அதில் இருக்கிறது. திருடர்கள் அடுத்த தெருவுக்குப் போயிருந்தாலும் கடைவீதியில் திருட்டு குறைந்தது உண்மைதான்; சொல்லப்போனால் கேமராதான் அவர்களை விரட்டியது என்பதற்கு அது வலு சேர்க்கவும் செய்யும். முடிவில் அந்தச் சொல் இல்லாமல் ‘நகரில் திருட்டைக் குறைத்துள்ளன’ என்று இருந்திருந்தால் ‘ஈ’யின் கதையே வேறு.

‘அ’வை மறுத்தால்: புகார் செய்யும் விகிதம் பெருமளவு குறைந்துவிட்டது. அப்படியென்றால் திருட்டு அப்படியே இருக்க, புகார் மட்டும் பாதியாகியிருக்கலாம். ஆதாரத்தில் இருப்பது புகார், முடிவில் இருப்பது திருட்டு. வாதம் விழுந்துவிட்டது. விடை ‘அ’.

முறை சரியாக வேலை செய்தது. ஆனால் ஐந்து மறுப்புகள். ஒன்றுக்கு 15 வினாடி என்றாலும் 75 வினாடி. எல்சாட்டில் ஒரு லாஜிக்கல் ரீசனிங் பகுதிக்கு 35 நிமிடம், ஏறத்தாழ 25 கேள்வி; கேள்விக்கு 84 வினாடிதான் வரும். வாதத்தைப் படிக்க நேரமே இருக்காது.

நேரம் போவதைவிடப் பெரிய ஆபத்து, மறுப்பதையே தப்பாகச் செய்வது. ‘எல்லாக் கடைகளும்’ என்பதன் மறுப்பு ‘எந்தக் கடையும் இல்லை’ அல்ல. ‘ஒரு கடையாவது இல்லை’ என்பதே. ‘சில’ என்பதன் மறுப்பு ‘வேறு சில’ அல்ல, ‘ஒன்றுகூட இல்லை’. ‘பெரும்பாலோர்’ என்பதை மறுத்தால் ‘பாதிப் பேரோ அதற்கும் குறைவாகவோ’. ‘அ நடந்தால் ஆ நடக்கும்’ என்பதற்கு மறுப்பு, ‘அ நடந்தும் ஆ நடக்காமல் போகலாம்’. ‘மழை பெய்தால்தான் விளையும்’ என்பதற்கு, ‘மழை பெய்யாமலும் விளையலாம்’. மறுப்பை எதிர்த்துருவம் வரை இழுத்துக்கொண்டு போனால் எந்த ஆப்ஷனும் வாதத்தை இடித்துவிடும். ‘ஆ’வையே ‘கேமராக்கள் ஒரு நாள்கூட இயங்கவில்லை’ என்று மறுத்துப் பாருங்கள்; அதுவும் சரியான விடை போலவே தெரியும். மறுப்பு முறையில் தவறுபவர்களின் தாள்களைப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் இங்கேதான்.

இடைவெளி முறை

இதில் ஆப்ஷன்களை மூடி வைத்துவிட்டு மூன்று வேலைகள். முடிவு எது என்று குறி. அதைத் தாங்கும் ஆதாரம் எது என்று குறி. முடிவில் இருந்து ஆதாரத்தில் இல்லாத சொல் எது என்று பார். அந்தச் சொல்தான் இடைவெளி.

சொல்வதற்கு எளிது. முதல் வேலையிலேயே சறுக்குபவர்கள் உண்டு. முடிவு எப்போதும் கடைசி வரியில் இருப்பதில்லை. முதல் வரியிலேயே சொல்லிவிட்டு மற்றதெல்லாம் காரணமாக வருவது சகஜம். ‘சிலர் இப்படிச் சொல்கிறார்கள், ஆனால்’ என்று தொடங்கினால், அந்த ‘ஆனால்’ஐ ஒட்டி வருவதுதான் பெரும்பாலும் முடிவு. ‘ஆகவே’ இரண்டு இடத்தில் வந்தால் ஒன்று இடைநிலை முடிவு. சந்தேகம் வந்தால் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ‘ஏனென்றால்’ போட்டுப் படியுங்கள். எந்த வரிசையில் பொருள் ஒட்டுகிறதோ அதில் முன்னால் நிற்பது முடிவு.

இப்போது போதுமான அனுமானம் கேட்கும் கேள்வி ஒன்று. ‘இந்த நூலகத்தின் பனையோலைச் சுவடிகள் எதுவும் மின்னுருவாக்கப்படவில்லை. ஆகவே வெளியூர் ஆய்வாளர்களால் இந்தச் சுவடிகளைப் பயன்படுத்த முடியாது.’

முடிவிலுள்ள புதுச் சொல் ‘வெளியூர் ஆய்வாளர்கள் பயன்படுத்த முடியாது’. ஆதாரத்தில் அனாதையாக நிற்பது ‘மின்னுருவாக்கப்படவில்லை’. இரண்டையும் இணைத்தால் இப்படி வரும்: மின்னுருவாக்கப்படாத எந்தச் சுவடியையும் வெளியூர் ஆய்வாளர்களால் பயன்படுத்த முடியாது. பத்து வினாடி வேலை. இனி ஆப்ஷன்களில் இதையோ, இதன் வேறு உருவத்தையோ தேடினால் போதும்.

வேறு உருவம் என்பதில் கவனம் தேவை. ‘வெளியூர் ஆய்வாளர்கள் பயன்படுத்த முடிகிற சுவடி எதுவானாலும் அது மின்னுருவாக்கப்பட்டதாகவே இருக்கும்’ என்று எழுதியிருந்தாலும் அதே பொருள்தான், ஏற்கலாம். ‘மின்னுருவாக்கப்பட்ட சுவடிகள் அனைத்தையும் வெளியூர் ஆய்வாளர்கள் பயன்படுத்தலாம்’ என்று இருந்தால் அது பொறி. சொற்கள் எல்லாம் சரியாக இருக்கும், திசை மட்டும் தலைகீழ். மின்னுருவான சுவடிகளைப் பற்றி நமக்குக் கவலையே இல்லை. நம் சுவடிகள் மின்னுருவாகாதவை. இடைவெளி முறையின் பலவீனம் இது. சொல்லைப் பிடித்துவிட்ட மகிழ்ச்சியில் அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்க்க மறந்துவிடுகிறது.

இதே கேள்வியில் மறுப்பு முறையைப் போட்டால் என்ன ஆகும்? சரியான விடை, ‘மின்னுருவாக்கப்படாத எந்தச் சுவடியையும், அது எந்த நூலகத்தில் இருந்தாலும், வெளியூர் ஆய்வாளர்களால் பயன்படுத்த முடியாது’ என்று வைத்துக்கொள்வோம். மறுப்பு: எங்கோ ஒரு நூலகத்தில் மின்னுருவாகாத சுவடி ஒன்றை வெளியூர் ஆய்வாளர் ஒருவர் பயன்படுத்த முடிகிறது. அதனால் இந்த நூலகத்தைப் பற்றிய முடிவு விழுகிறதா? விழவில்லை. மறுப்புச் சோதனையின் கணக்கில் இது தப்பான விடை. உண்மையில் இதுதான் சரி. அதே சமயம் ‘இந்த நூலகம் சுவடிகளின் நிழற்படப் படிகளை வெளியூர் ஆய்வாளர்களுக்கு அனுப்புவதில்லை’ என்ற ஆப்ஷன் இருந்தால், அதை மறுத்ததும் வாதம் விழும். ஆனால் அதைச் சேர்த்தால் முடிவு உறுதியாகிவிடாது. ஆய்வாளர் நேரில் வந்து பார்க்கலாமே. ஆக, போதுமான அனுமானம் கேட்ட இடத்தில் மறுப்பு முறை சரியானதைத் தள்ளி, தவறானதைக் கையில் கொடுக்கிறது. இந்த வகைக் கேள்விக்கு அதைத் தொடவே கூடாது. இங்கே போட வேண்டிய சோதனை வேறு: ஆதாரம், ஆப்ஷன் இரண்டையும் உண்மை என்று வைத்துக்கொண்டு, முடிவு பொய்யாக ஏதாவது வழி மிஞ்சுகிறதா என்று பார்ப்பது.

இடைவெளி முறை எங்கே கைவிடும்? முன்னே சொன்ன தடுப்பு வகையில். கேமரா வாதத்தில் புகார், திருட்டு என்ற சொல் மாற்றத்தைக் கவனித்தவருக்கு ‘அ’ உடனே கிடைத்திருக்கும். ஆனால் அந்த இடத்தில், ‘கடைவீதிக்கு வரும் கூட்டம் இந்த ஆண்டு பெருமளவு குறைந்துவிடவில்லை’ என்ற ஆப்ஷனை வைத்திருந்தால்? கூட்டம் என்ற சொல் வாதத்தில் எங்குமே இல்லை. இடைவெளியை மட்டும் தேடியவர் அதைச் சம்பந்தமில்லாதது என்று அடித்துவிட்டுப் போவார். வாதத்தில் இல்லாத சொல் வந்தாலே தவறு என்ற பாடம் பரவலாக இருக்கிறது. அதை நம்பவே வேண்டாம். தடுப்பு வகை ஆப்ஷன்களில் புதுச் சொல் வருவதுதான் இயல்பு. அவற்றை அடையாளம் காட்டுவது ‘இல்லை’, ‘அல்ல’, ‘விடவில்லை’ போன்ற எதிர்மறை முடிவுகள். அப்படி ஓர் ஆப்ஷனைப் பார்த்தால் அடிக்காமல் நிறுத்திவைத்து, மறுத்துப் பாருங்கள்.

மாற்று விளக்கம் தேடுவது

காரண காரிய வாதங்களுக்கு இதுதான் வேகமான முறை. முதலில் இது, பிறகு அது. அல்லது இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஆகவே இதனால் அது. இந்த வடிவத்தைக் கண்டதும் மூன்று கேள்விகளை வரிசையாகப் போடலாம். காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கலாமா? விளைவையோ இரண்டையுமோ உண்டாக்கிய வேறொன்று உண்டா? அளந்த விதமே மாறிவிட்டதா? கேமரா வாதத்தில் புகார் விகிதம் மூன்றாவது கேள்விக்கும், கூட்டம் குறைந்தது இரண்டாவதற்கும் அடங்கும்.

வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது என்று கேட்டால் இந்த முறைக்கு ஈடில்லை. பலவீனப்படுத்துவது என்றாலே மறைந்திருக்கும் அனுமானத்தைத் தாக்குவதுதான். வாதத்தின் குறை எது என்ற கேள்வியிலும் அதே சரக்குதான், உறை மட்டும் வேறு. ‘வாதம் இதை உண்மை என்று எடுத்துக்கொள்கிறது’ என்று ஆப்ஷன் தொடங்கினால், பின்னால் வருவது தேவையான அனுமானமாக இருக்க வேண்டும். ‘இந்தச் சாத்தியத்தைக் கவனிக்கத் தவறுகிறது’ என்று தொடங்கினால், பின்னால் வருவது அந்த அனுமானத்தின் மறுப்பாக இருக்கும். இதைத் தெரிந்துகொண்டால் குறைக் கேள்விகளையும் அனுமானக் கேள்விகளாகவே பயிற்சி செய்யலாம்.

சதவீதக் கேள்விகளும் இந்தப் பையில்தான் சேரும். ‘மொத்த விபத்துகளில் இருசக்கர வாகன விபத்துகளின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகக் குறைந்தது, ஆகவே இருசக்கர வாகன விபத்துகள் குறைந்துள்ளன.’ முன்பு மொத்தம் 1000 விபத்து என்றால் இருசக்கர வாகனம் 400. இப்போது மொத்தம் 1400 ஆகியிருந்தால் 30 சதவீதம் 420. பங்கு குறைந்தது, எண்ணிக்கை கூடிவிட்டது. மொத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயரவில்லை என்பதே இங்கே ஒளிந்திருக்கும் அனுமானம். ஆதாரத்தில் பங்கும் முடிவில் எண்ணிக்கையும் வந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், மொத்தத்தைக் கேளுங்கள்.

காரண காரியம் இல்லாத வாதங்களில் இந்த முறைக்கு வேலையில்லை. சுவடி வாதத்தில் மாற்றுக் காரணம் தேடிக்கொண்டிருந்தால் நிமிடம்தான் போகும்.

சொல்லழுத்தம் பார்த்துக் கழிப்பது

தேவையான அனுமானம் கேட்டால் அடக்கமான ஆப்ஷனுக்குச் சாய், போதுமானது கேட்டால் அழுத்தமானதற்குச் சாய். நேரம் தீர்ந்துபோன கடைசி நிமிடத்தில் இது பயன்படும். அதற்கு மேல் நம்ப முடியாது. முடிவே அழுத்தமாக இருந்தால் தேவையான அனுமானமும் அழுத்தமாகத்தான் இருக்கும். ‘மேம்பாலம் கட்டினால் மட்டுமே இந்தச் சந்திப்பில் நெரிசல் தீரும்’ என்பது முடிவானால், ‘வேறு எந்த வழியாலும் நெரிசல் தீராது’ என்பது தேவையானதுதான். ‘எந்த’ என்ற சொல்லைப் பார்த்துப் பயந்து அதை அடித்தவர் மதிப்பெண்ணை இழப்பார்.

வங்கித் தேர்வும் சிசாட்டும்

வங்கித் தேர்வுகளின் ‘கூற்றும் அனுமானமும்’ கேள்வியில் பெரும்பாலும் வாதமே இருக்காது. ஓர் அறிவிப்பு, ஒரு விளம்பரம், ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். முடிவு இல்லாத இடத்தில் இடைவெளி தேட முடியாது. இங்கே மறுப்பு முறைதான் ராஜா, ஆனால் உருவம் சற்று மாறும்: இதைச் சொன்னவர் எதை நம்பாமல் இருந்தால் இதைச் சொல்லியே இருக்க மாட்டார்?

‘மழைக்காலம் முடியும் வரை குடிநீரைக் காய்ச்சிக் குடியுங்கள்’ என்று ஒரு நகராட்சி அறிவிக்கிறது. காய்ச்சாத நீரால் நோய் வரக்கூடும் என்று அது நம்பவில்லை என்றால் அறிவிப்பே இருக்காது. ஆகவே அது உள்ளடங்கிய அனுமானம். அறிவிப்பைப் பார்ப்பவர்களில் சிலராவது கேட்பார்கள் என்பதும் அப்படியே. ‘எல்லோரும் கேட்பார்கள்’ என்பது இல்லை. ‘நகரில் எல்லா வீட்டுக் குழாய்களிலும் மாசு கலந்துவிட்டது’ என்பதும் இல்லை. முன்னெச்சரிக்கைக்கு அவ்வளவு தேவைப்படாது. ‘காய்ச்சினால் நோய் அறவே வராது’ என்பதும் அதே காரணத்தால் விலகும். இந்தத் தேர்வுகளில் சொல்லழுத்தக் குறுக்குவழி மற்றவற்றைவிட நன்றாக வேலை செய்வதற்கு இதுதான் காரணம்: மனிதர் ஒரு வேண்டுகோள் விடுக்க முழு நம்பிக்கை தேவையில்லை, ஓரளவு நம்பிக்கை போதும்.

யுபிஎஸ்சி சிசாட் தாளில் வரும் பத்திக் கேள்விகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. ஒரு பத்தி, கீழே இரண்டு அனுமானங்கள், 1 மட்டும், 2 மட்டும், இரண்டும், இரண்டும் இல்லை என்ற விடைகள். இங்கே செய்யும் பெரிய பிழை, பத்தியில் நேரடியாக எழுதியிருப்பதை அனுமானம் என்று எடுத்துக்கொள்வது. எழுதியிருந்தால் அது ஆதாரம். இன்னொரு பிழை, பத்தியிலிருந்து பின்னால் வருவிக்கக் கூடியதை அனுமானம் என்பது. அனுமானம் வாதத்துக்கு அடியில் கிடப்பது. வருவிப்பது வாதத்துக்கு அப்பால் கிடைப்பது. இரண்டையும் பிரிக்க மறுப்பு கைகொடுக்கும், கூற்றுகள் இரண்டே என்பதால் நேரமும் பெரிதாகப் போகாது.

தேர்வைப் பார்த்து முடிவெடுப்பது

எல்சாட்டில் 2024 ஆகஸ்ட் முதல் லாஜிக் கேம்ஸ் (தருக்கப் புதிர்கள்) பகுதி இல்லை. மதிப்பெண் உள்ள மூன்று பகுதிகளில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. எனவே இடைவெளி முறையை அடிப்படையாக வையுங்கள். வாதத்தைப் படித்து முடிவைக் குறிக்க 30 வினாடி, இடைவெளியைச் சொல்லிக்கொள்ள 10, ஐந்து ஆப்ஷன்களை ஒரு சுற்றுப் பார்க்க 25, மிஞ்சும் இரண்டை மறுத்துப் பார்க்க 20. கூட்டினால் 85. எந்தக் கேள்வியையும் காலியாக விடக்கூடாது.

எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்புகளில் சேர எழுதும் ஜிமேட்டின் வெர்பல் (மொழித்திறன்) பகுதியில் 45 நிமிடத்தில் 23 கேள்விகள், வாசிப்புப் பத்திகளும் அதிலேயே அடக்கம். கேள்விக்குச் சற்று ஏறக்குறைய இரண்டு நிமிடம் கிடைக்கும். வணிகத் திட்டங்கள், விற்பனை உயர்வு, செலவுக் குறைப்பு என்று காரண காரிய வாதங்கள் அதிகம் என்பதால் மாற்று விளக்க முறையை முன்னால் வைக்கலாம். ஒரு பகுதியில் மூன்று விடைகள் வரை திரும்பி வந்து மாற்ற அனுமதி உண்டு. இரண்டு ஆப்ஷன்களில் சிக்கியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ள இது உதவும்.

திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் உள்ளிட்டவற்றில் சேர எழுதும் கிளாட் வேறு மாதிரி. 120 நிமிடத்தில் 120 கேள்வி, தவறுக்கு 0.25 கழிவு. பத்தி நீளமானது, ஒரே பத்தியில் பல கேள்விகள். பத்தியை முதல் முறை படிக்கும்போதே முடிவையும் இடைவெளியையும் குறித்துவிட்டால் அந்த உழைப்பு அடுத்தடுத்த கேள்விகளுக்கும் கைகொடுக்கும். மறுப்புக்கு இங்கே நேரம் குறைவு.

ஊகித்து விடையளிப்பதிலும் தேர்வுக்குத் தேர்வு கணக்கு மாறும். சிசாட்டில் சரிக்கு 2.5, தவறுக்கு அதில் மூன்றில் ஒன்று போகும். நாலு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் சராசரியாக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒன்றை உறுதியாக நீக்கிவிட்டுத் தொட்டால் கேள்விக்கு ஏறத்தாழ 0.28 மதிப்பெண் லாபப் பக்கம் சாயும். ஆகவே சிசாட்டில் ஒரு கூற்றை மட்டுமாவது மறுத்துத் தீர்ப்பது, இரண்டையும் அரைகுறையாகப் பார்ப்பதைவிட மேல்: ஒரு கூற்று நிச்சயம் என்றாலே நாலில் இரண்டு விடைகள் போய்விடும்.

இரண்டு ஆப்ஷன்களை மறுத்தும் இரண்டுமே வாதத்தை இடிப்பது போலத் தெரிந்தால், அளவைப் பாருங்கள். கேமரா கேள்வியில் ‘புகார் செய்யும் விகிதம் பெருமளவு குறைந்துவிடவில்லை’ என்பதோடு ‘புகார் செய்யும் விகிதம் சிறிதும் மாறவில்லை’ என்றும் ஓர் ஆப்ஷன் இருந்திருந்தால், இரண்டாவதன் மறுப்பு ‘ஏதோ கொஞ்சம் மாறியது’ என்பதுதான். விகிதம் நூற்றுக்கு இரண்டு குறைந்தால் புகார் பாதியாகாது. உயர்ந்திருந்தால் வாதத்துக்கு இன்னும் நல்லது. இடிப்பது போலத் தெரிந்தது, மறுப்பை நாம் மனத்துக்குள் பெரிதாக்கிக்கொண்டதால். மறுத்த வாக்கியத்தை உண்மையாக்கும் மிகச் சிறிய மாற்றத்தைக் கற்பனை செய்து, அதுவே வாதத்தை விழவைக்கிறதா என்று கேட்டால், இரண்டில் எது என்பது பெரும்பாலும் பிரிந்துவிடும்.